இரண்டேகால் மணிக்குப் படித்த பி.காம்.

பி.காம். சேர்ந்தபோது எனக்கு வயது 36. மூன்று வருடப் படிப்பை நான்கு வருடத்தில் முடித்தேன். இடையில் இரண்டு அரியர்கள், மகளின் பத்தாம் வகுப்பு, ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகிய அடுப்படி. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு என் வயதுப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்து கேட்டுவிட்டார்கள்: "நாங்களும் படிக்கலாமா? எதைப் படிப்பது?" அந்த இரண்டாவது கேள்விக்கு நானே மூன்று முறை தவறான பதில் கண்டுபிடித்தவள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் எங்கள் வீடு. கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் பலகாரம் சுட்டுக் கொடுப்பது தொழில்: அதிரசம், மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல். கணவர் சிங்கப்பூரில் ஏ.சி. மெக்கானிக். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 2020இல் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. நான் சேர்ந்த 2021இல் மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு.

கல்லூரி இல்லாத ஊரில் வாழ்க்கைப்பட்டேன் என்று சாக்குச் சொல்ல வழியில்லை. 1947இல் அழகப்பச் செட்டியார் கல்லூரி தொடங்கிய ஊர் இது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்தவர் அவர். 1985இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகமும் வந்தது. அந்த வளாகத்தை பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் என் மடியில் ஒரு தூக்குவாளி இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 968 வாங்கியவள். பத்தொன்பது வயதில் கல்யாணம். அவ்வளவுதான் கதை.

முதல் தவறு பணத்தோடு போயிற்று. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மாடியறை, வாசலில் 'ஒரே வருடத்தில் பட்டம்' என்று பலகை. வீட்டு வேலை, அத்தை, பலகாரம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அக்கா இந்தத் திட்டமே" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி. 8,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். ரசீதைப் பார்த்தபோதுதான் உறுத்தியது: அவர்கள் சொன்ன வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் எங்குமே இல்லை. மாடியறையின் முத்திரை மட்டும். அன்றிரவு மகளின் உதவியோடு யு.ஜி.சி.யின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைத் தேடினோம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வருடம் அனுமதியே இல்லை. நான்கு முறை மாடி ஏறி 3,000 ரூபாயைத் திரும்ப வாங்கினேன். மீதி அந்த மாடிப்படிக்குக் காணிக்கை.

ஒரு வருடத்தில் இளநிலைப் பட்டம் கொடுக்க இந்த நாட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது. இன்னொன்றும் தெரியாது: பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த வருடத்துக்கு அனுமதி என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 2024 முதல் ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. தொலைநிலையில் சேர விரும்புகிறவர் முதலில் ஏ.பி.சி. எண்ணும் (படிப்பில் சேர்க்கும் மதிப்புகளைப் பதிந்து வைக்கும் கணக்கின் எண்), அதைக் கொண்டு 'டெப்' அடையாள எண்ணும் (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தருவது) தானே எடுத்துக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் சேர்க்கை செல்லாது. அந்த எண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் பணம் கேட்கிறவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு ஆசையால் வந்தது. எனக்குத் தமிழ் பிடிக்கும். பி.ஏ. தமிழ் படித்து, பி.எட். முடித்து, பள்ளியில் ஆசிரியையாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணினார். பி.ஏ. மூன்று வருடம். பி.எட். இரண்டு வருடம், தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். நடுவே மாதக்கணக்கில் பள்ளியில் பயிற்சி. அஞ்சலில் பி.எட். என்பது ஏற்கெனவே பயிற்சி பெற்று வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு. "ஐந்து வருடம் கழித்து உன் அத்தையைப் பகலில் யார் பார்ப்பார்கள் என்று இப்போதே சொல்ல முடியுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் வந்த கோபம்.

மூன்றாவதாக ஊட்டச்சத்தியல். பலகாரக்காரிக்குப் பொருத்தம்தானே என்று நினைத்தேன். செய்முறை வகுப்புக்கு மதுரைக்குத் தொடர்ந்தாற்போல் பல நாள் வரவேண்டும் என்றார்கள். அதோடு விட்டேன்.

இதற்குப் பிறகுதான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன். எதைப் படிப்பது என்ற கேள்வியை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் முழுக்க என் நேரத்தை எழுதினேன். அடுப்பில் பாகு இருக்கும்போதே எழுதிய பக்கங்களில் இன்றும் வெல்லக்கறை இருக்கிறது. நான்கரைக்கு எழுந்தால் ஐந்தேகால் வரை யாரும் கூப்பிடமாட்டார்கள். பிறகு அத்தைக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, பிள்ளைகளை அனுப்பி, ஒன்பதிலிருந்து ஒன்று வரை அடுப்பு. அத்தை சாப்பிட்டு இரண்டேகாலுக்குக் கண் அயர்வார். சில நாள் மூன்றரை வரை, சில நாள் இரண்டரைக்கே விழித்துவிடுவார். இரவு ஒன்பதரைக்கு மேல் நேரம் இருந்தது, நான் இல்லை. கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம்.

இனி மறுபக்கக் கணக்கு. படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுகிறார்கள். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்று வைத்திருக்கிறார்கள். மூன்று வருட இளநிலைப் பட்டத்துக்குச் சுமார் 130 கிரெடிட். பெருக்கினால் 3,900 மணி. மூன்று வருடத்துக்குப் பங்கிட்டால் வாரம் 25 மணி நேரம். என்னிடம் ஒன்பதரை.

நடைமுறையில் யாரும் அத்தனை மணி படிப்பதில்லைதான். ஆனாலும் பாதியாவது வேண்டும். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது ஏற்கெனவே பாதி தெரிந்த ஒரு பாடம். மூன்று வருடத்தில் முடியாவிட்டாலும் துரத்தாத ஒரு பல்கலைக்கழகம். வெளியூர்ச் செய்முறை வகுப்பு இல்லாத ஒரு படிப்பு. அப்படிப் பார்த்தபோதுதான் நான் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு படித்தவள் என்பது நினைவுக்கு வந்தது. பிடிக்காமல் எடுத்த பிரிவு. அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காததால் தள்ளிவிடப்பட்ட இடம். பதினெட்டு வருடம் கழித்து அதுதான் என் கைமுதல் ஆயிற்று.

எந்தப் பல்கலைக்கழகம் என்று பெயர் சொல்லப்போவதில்லை, குறையும் சொல்ல இருப்பதால். முதல் வருடப் புத்தகங்கள் தேர்வுக்கு ஐந்து வாரம் முன்னால்தான் கைக்கு வந்தன. நல்ல வேளையாகப் பாடங்கள் இணையத்தில் இருந்தன. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துத் தைத்துக்கொண்டேன். பொதுவாக ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது, தமிழ்வழியில் படிக்கலாம். இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985இலிருந்து இருக்கிறது. மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுக்க விடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும்தான். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் தொலைநிலைப் பிரிவு உண்டு. விளம்பரத்தில் கட்டணம் கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை வருடம் வரை அவகாசம் என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த எண் கட்டணத்தைவிட முக்கியம்.

பயிற்றுமொழியிலும் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தமிழ்வழி எடுத்தேன். 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு', 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்' என்று படிக்கப் படிக்க மனதில் நின்றது. பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. ஆனால் கடைக்கு வேலைக்குப் போனால் கணினியில் எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை நோட்டில் பக்கத்திலேயே எழுதி வைத்ததுதான் பின்னால் கைகொடுத்தது.

விடியற்காலையில் கணக்கு, மதியம் சட்டமும் கோட்பாடும் என்று பிரித்துக்கொண்டேன். கணக்குக்குத் தாளும் பென்சிலும் குறுக்கீடில்லாத நாற்பது நிமிடமும் வேண்டும். சட்டத்தை அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கலாம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைவிட நல்ல தூக்க மருந்து அத்தைக்கு எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. இரண்டாவது பக்கத்தில் குறட்டை வந்துவிடும். அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் சாதம் ஊட்டும்போது, குழறிய பேச்சில் கேட்டார்: "அந்த வயசு வராத பையன் கடன் வாங்கினானே, என்ன ஆச்சு?"

1903இல் லண்டன் பிரிவி கவுன்சில், அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம், தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. கல்கத்தாவில் உரிய வயது வராத ஒருவன் சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினான். உரிய வயது வராதவன் போட்ட ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, ஆகவே அடமானமும் செல்லாது என்றது தீர்ப்பு. சொன்னேன். "அப்போ கொடுத்தவன் பணம்?" என்றார் அத்தை. திரும்ப வரவில்லை என்றேன். வட்டிக்கடைகளின் ஊரில் பிறந்து வளர்ந்தவர். ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். தேர்வில் அந்த வழக்கு வந்தது. முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

காலண்டரில் சறுக்கினேன். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஜூன் என்றால் வைகாசி பாதி, ஆனி பாதி. முகூர்த்தம் கொட்டிக் கிடக்கும். இரண்டாம் வருடம் ஒரே வாரத்தில் ஒரு கல்யாண ஆர்டரும் இரண்டு தேர்வும் மோதின. 1,200 அதிரசத்தை விடமுடியாது, முன்பணம் வாங்கி வெல்லம் எடுத்தாயிற்று. தேர்வை விட்டேன். அந்த இரண்டு அரியரும் அப்படி வந்தவை. அடுத்த ஆண்டு முதல் சித்திரையிலேயே பஞ்சாங்கத்தையும் தேர்வு மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜூனில் இரண்டு பாடம், டிசம்பரில் நான்கு என்று மாற்றி எழுதினேன். மார்கழியில் கல்யாணம் இல்லை; பிள்ளையார் நோன்புக்கு வரும் ஆர்டர் மட்டும்தான். விண்ணப்பம் போடும் முன்பே தேர்வு எந்த மாதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயலில் வேலை உள்ளவர்களுக்கு அறுவடையை ஒட்டி வரும் தேர்வு வேலைக்காகாது.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வீட்டுக்கு நெடுநாளாகப் பலகாரம் கொடுக்கிறேன். எண்பது வயது கடந்தவர். மகன் மணிவிழாவுக்கு ஆர்டர் எடுக்கப் போயிருந்தபோது, "என்ன ஆத்தா, படிக்கிறாயாமே?" என்றார். பி.காம். என்றேன். "கணக்கா?" என்று எழுந்து உள்ளே போய், பெட்டகத்திலிருந்து ஒரு பேரேட்டை, பழைய கணக்குப் புத்தகத்தை, எடுத்து வந்து கூடத்துப் பட்டாலையில் விரித்தார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் கடையில் அடுத்தாளாக, முதலாளியின் உதவியாளாக, இருந்தபோது எழுதியது. தாள் பழுப்பேறி ஓரம் பொடிந்துகொண்டிருந்தது. கையெழுத்து மட்டும் நேற்று எழுதியது மாதிரி. பற்று, வரவு, பேரேடு: நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த அதே சொற்கள். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டுகிற கணக்கை என் புத்தகத்தில் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று நீட்டி முழக்கியதை ஆச்சி 'ஐந்தொகை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பிறகு கேட்டார்: "அதிரசத்துக்கு ஐந்தொகை போட்டுப் பார்த்தாயா?"

பார்த்ததில்லை. அடக்கவிலைக் கணக்கியல் என்று ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டே, பன்னிரண்டு வருடமாக என் அதிரசத்தின் அடக்கவிலை தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்றிரவு உட்கார்ந்தேன். நூறு அதிரசத்துக்கு இரண்டு கிலோ பச்சரிசி 110 ரூபாய். வெல்லம் 105. சுடும்போது குடிக்கும் எண்ணெய் 120. ஏலக்காய், நெய் 30. இதுவரைதான் என் மனக்கணக்கு, 365 ரூபாய். நூறு 800க்குப் போகிறது, பாதிக்கு மேல் லாபம் என்று இருந்தேன். காஸ் 60 சேர்த்தேன். கூடச் சுடும் பெண்ணின் கூலியில் இதன் பங்கு 300. அதை வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து கொடுத்து வந்ததால் தொழில் கணக்கில் சேர்க்கவே தோன்றவில்லை. அட்டைப்பெட்டியும் ஆட்டோவும் 110. கூட்டினால் 835. என் கூலி இல்லாமலே நூற்றுக்கு 35 ரூபாய் நட்டம். விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் ஓர் அதிரசத்தின் விலையை 11 ரூபாய் ஆக்கினேன். முதலில் பேரம் பேசியவர் அதே ஆச்சிதான்.

பட்டத்தால் என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள். முறையான அனுமதியோடு நடக்கும் தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் யு.ஜி.சி. தெளிவாகவே அறிவித்திருக்கிறது, "அஞ்சலில் படித்ததுதானே" என்று உதடு பிதுக்குகிற உறவினர்களுக்கு அதைச் சொல்லலாம். ஆனால் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கேட்டுப் போனபோது முதலாளி சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "டேலி தெரியுமா?" என்றார், கணினியில் கணக்கு எழுதும் மென்பொருள் அது. இரண்டு மாதம் அதைத் தனியாகக் கற்றுக்கொண்டு போனேன். இப்போது வாரம் மூன்று நாள் மதியம் அங்கே கணக்கு எழுதுகிறேன். அத்தையோடு அந்த நேரம் என் சித்தி இருக்கிறார். அவருக்குக் கொடுப்பது போக மிஞ்சுவது பெரிய தொகை இல்லை. பலகாரம் தொடர்கிறது.

வந்து கேட்டவர்களில் இருவருக்குப் பட்டமே வேண்டாம் என்றேன். ஒருவருக்கு குரூப் 4 தேர்வுதான் குறி. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்; மூன்று வருடத்தைப் பட்டத்தில் போடுவதைவிடத் தேர்வுக்கே படிக்கட்டும். குரூப் 2 என்றால்தான் பட்டம் தேவை. இன்னொருவர் என் நாத்தனார், பத்தாம் வகுப்போடு நின்றவர். நேரடியாகத் திறந்தநிலைப் பட்டத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று யாரோ ஆசைகாட்டியிருந்தார்கள். பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. தனித்தேர்வராகப் பிளஸ் டூ முடிக்கிற வழியைக் காட்டினேன். முகம் சுண்டிவிட்டது. காலம் கூடுதலாகும் என்பது யாருக்கும் இனிக்கிற செய்தி இல்லை.

கடைசியாக வந்தவர் எதிர்வீட்டுப் பெண். 33 வயது, பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி, கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். உளவியல் படிக்க வேண்டும் என்றார். உளவியல், ஊட்டச்சத்தியல், நுண்ணுயிரியல் போன்றவற்றை 2025 ஜூலைப் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது, இனி கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்றேன். "அப்படியானால் வேறு எதைப் படிக்கலாம் அக்கா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் நேரத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

நேற்று கொண்டுவந்தார். திங்கள் ஒரு மணி, செவ்வாய் முக்கால், புதன் ஒன்றரை. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ஒரு சுழியம் போட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். "ஞாயிறு உன் வீட்டுக்காரர் வீட்டில்தானே இருக்கிறார்?" என்று கேட்டேன். "அதனால்தான் சுழியம்" என்றார். வரும் ஞாயிறு அவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.